கணினியில் நான் கிளம்பிவிட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மறக்காமல் மாத்திரை சாப்பிடுகிறாளா? நான் நலம்தான்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல், பயப்படாதீர்கள். சிம் கார்டு வாங்கியபோது கடைக்காரர் என் பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டார். அதை வைத்து யாரோ போலி பாஸ்போர்ட் செய்திருக்கிறார்கள். விசா புதுப்பிக்கப் போனால் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல இருக்கிறவங்க போன மாசமே நாட்டை விட்டுப் போயிட்டாங்களே" என்றார்.

"அப்ப நான் யாரு சார்?"

"அதை நீங்கதாம்மா நிரூபிக்கணும்."

இருபது நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள். அதுவரை சலவைக்கூடத்துக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று மேலாளரும் சொல்லிவிட்டார்.

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை உடனே அனுப்புங்கள். அதில் அங்க அடையாளம் எழுதியிருக்கும். அந்த முழங்கை மச்சத்தைத்தான் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். என் பெயரைச் சொல்லி யார் போனில் கேட்டாலும் எந்த விவரமும் கொடுத்துவிடாதீர்கள்.

தபால்காரர் பெட்டியைத் திறக்க வந்துவிட்டார். அவசரத்தில் எழுத்தெல்லாம் கோணலாகிவிட்டது. ஆனாலும் இது என் கையெழுத்துதான் என்று உங்களுக்குத் தெரிகிறது, இல்லையா அப்பா?

உங்கள் மகள்