பொரிகிற ஸ்பீக்கர்

06.05.2009
கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் மறுபடி பொரிந்தது. சூடான சட்டியில் கடுகு விழுந்த மாதிரி டிக் டிக், பிறகு ஒரு வெடிப்பு. கணித சீடியில் பாதிப் பாடம் காதில் விழவில்லை. டிசம்பரில் ஓ.எல். பரீட்சை எழுத எனக்கு இருப்பது இந்த சீடிகள்தான். பதினேழு வயதில் டியூட்டரிக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார என்னால் முடியாது.

07.05
வயரைக் கழற்றி மாட்டினேன். தூசி துடைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். பொரிகிறது.

09.05
கல்முனையிலிருந்து கம்ப்யூட்டர் திருத்தும் மஜீட் காக்கா வந்தார். "நல்லாத்தானே இரிக்கி" என்று சொல்லி வாய் மூடவில்லை, பொரிந்தது. உடனே மேசையில் இருந்த போன் அடித்தது. சிரித்தார்.

"பெட்டிக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. கோல் வரக்குள்ள இப்பிடித்தான் இரையும். போனத் தூர வைங்க."

கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். தலையாட்டியது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

10.05
போனைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். சத்தமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

12.05
பொரிந்தது. குசினிக்கு ஓடினேன். போன் அடிக்கவில்லை.

13.05
இன்று போனையே நிறுத்தி வைத்தேன். அப்படியும் இரண்டு தடவை பொரிந்தது.

அப்படியென்றால் இந்த வீட்டில் இன்னொரு போன். யாருடையது? தங்கை றிஸ்னாவுக்கு ஏழு வயது. மிச்சம் உம்மா. மேசையை ஒட்டித்தான் உம்மாவின் அலுமாரி. நாளுக்கு நாலு தடவை திறக்கிறார். இருப்பதே ஆறு சாரி. பிறகு முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

15.05
எடுத்துவிட்டேன். உம்மா முன்பு குவைத்தில் வேலை செய்து கொண்டுவந்த கம்பளிக்கு அடியில் இருந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். வந்த அழைப்பெல்லாம் ஒரே பெயர் — அபுல் ஹஸன், அக்கரைப்பற்று.

சுனாமியில் வாப்பாவைக் கடல் கொண்டுபோய் இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லை. உம்மாவுக்கு முப்பத்தாறு. மறுபடி கலியாணம் முடிக்கக் கூடாதென்று நான் சொல்வேனா? என்னத்துக்கு என்னட்ட ஒளிக்கணும்?

19.05
தெருவில் சீனவெடி. நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாம். உம்மாவும் றிஸ்னாவும் வாசலில் நின்றார்கள். அந்த வெடிக்குள்ளும் ஸ்பீக்கர் பொரிந்தது எனக்குக் கேட்டது. அலுமாரியைத் திறந்து போனைக் காதில் வைத்தேன்.

"ராத்தா, மெடிக்கல் பாஸ். பத்தாம் திகதி பிளைட். குவைத்துல அதே பழைய ஊடுதான்."

கலியாணமில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன்.

"உம்மா வரமாட்டா" என்றேன். நான்தானா சொன்னது?

20.05
உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "ஆரக் கேட்டு எடுத்தாய்?"

"இனிப் போகமாட்டன் எண்டு சென்னது ஆரு?"

"இந்த ஊடு உனக்குச் சீதனம். மத்தவளுக்கு? ஊடில்லாத பொம்புளப் புள்ளய ஆரு கேட்டு வருவான்?"

"அப்ப என்ர சோதினை?"

"ஊட்டுல இருந்துதானே படிக்காய்."

"சமைக்கிறது ஆரு? அவளப் பள்ளிக்கு அனுப்புறது ஆரு? போன முறையும் இப்பிடித்தான் சென்னீங்க!"

போன முறை றிஸ்னாவுக்கு மூன்று வயது. அவளை வைத்திருக்க நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். உம்மா அரிசியைக் களைந்தார், களைந்ததையே திரும்பவும் களைந்தார்.

22.05
உம்மா அந்தப் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "சோதினை முடியட்டும். அவனுக்கிட்டச் சென்னன்."

நான் நம்பவில்லை.

30.06
உம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் அலுமாரியைத் திறந்து பார்க்கிறேன். பாஸ்போர்ட் இருக்கிறது.

21.12
கடைசிப் பேப்பரும் முடிந்தது. கணிதம் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பாஸ்போர்ட் அங்கேயே இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு பயணப் பை.

15.01.2010, வெள்ளி
உம்மா குவைத் போய் ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை மட்டும்தான் அந்த வீட்டில் போன் கொடுப்பார்களாம். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பொரிந்தது. றிஸ்னா விளையாட்டை விட்டு ஓடி வந்தாள். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டேன்.

"என்ன புள்ள, போனக் கையிலயா வெச்சிட்டிரிக்காய்?"

"இல்ல உம்மா."

மஜீட் காக்கா தூர வைக்கச் சொன்ன போன். ஸ்பீக்கரோடு ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.