மூன்றாம் கொட்டகை

12.08.2003, செவ்வாய். ஹட்டன்.

பார்வதியக்காவின் பசுவை விற்கச் சொன்னது நான்தான்.

போன வருடம் மாட்டு வைத்தியராக வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மாடுகளிடமிருந்து இரத்தம் எடுத்தேன், மரபணுச் சோதனைக்கு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கொட்டகைகள் இருந்த வரிசையிலேயே குப்பிகளுக்கு இலக்கம் போட்டேன். முடிவு வந்தபோது அதையே லயத்து வீடுகளின் காம்பரா இலக்கமாக வாசித்துவிட்டேன். மூன்றாவது பசு, கன்றுகளைக் கொல்லும் பரம்பரைக் குறை உள்ளது என்றிருந்தது. மூன்றாம் காம்பரா பார்வதியக்காவுடையது. "வச்சிருக்காதீங்கக்கா" என்றேன். மறுவாரமே கினிகத்தேனை இறைச்சிக்கடைக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று ஐந்தாம் காம்பரா செல்லையாவின் கன்று செத்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். அவருக்கு இது இரண்டாவது கன்று. தன் மாட்டைக் காட்ட அவர் கூட்டிப்போனது மூன்றாம் கொட்டகைக்கு. காம்பரா வரிசைப்படி அல்ல, இடம் கிடைத்த பக்கம் ஆளாளுக்குக் கட்டிய கொட்டகைகள். எது யாருடையதென்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பார்வதியக்காவின் கொட்டகை முதலாவது. அந்தப் பசுவுக்கு ஒரு குறையும் இல்லை. முதலாம் குப்பிக்கு நேரே நல்ல பால் மரபணு என்று எழுதியிருந்தார்கள்.

திரும்பும்போது அவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். எப்போதும் பால் தேத்தண்ணி தருபவர், இன்று பிளேன்டீ தந்தார்.

"பால் இல்லைங்கய்யா, கோவிச்சுக்காதீங்க. நல்லவேளை நீங்க சொன்னீங்க. இல்லாட்டி செல்லையாண்ணன் மாதிரி நானும் கன்னு கன்னா பொதைச்சிருப்பேன்."

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் மகள் வந்து, தேத்தண்ணியோடு நக்கிக்கொள்ள என் உள்ளங்கையில் சீனி வைத்தாள்.

சீனியை நக்கி நக்கித் தேத்தண்ணி முழுவதையும் குடித்தேன். "வர்றேங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.