சோதனை சொன்ன ‘இல்லை’

11.8.2003
கோபம் இன்னும் அடங்கவில்லை. கடப்பாக்கம் கடலில் அலை அளக்கும் எங்கள் மிதவை அனுப்பிய மூன்று நாள் பதிவு போயே போய்விட்டது. ஃபைல் இரண்டு ஜிபியைத் தொட்டதும் புது மெஷினில் புரோகிராம் நின்றிருக்கிறது.

நான்கு வகை மெஷின்களில் ஓட வேண்டிய, சி மொழியில் எழுதிய புரோகிராம் அது. அதை ஒவ்வொரு மெஷினுக்கும் பில்டு செய்யும்போது ஒரு ஸ்கிரிப்ட் குட்டிக் குட்டி புரோகிராம்களைக் கம்பைல் செய்து, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றிப் பார்த்து, இந்த மெஷினில் என்னென்ன வசதி இருக்கிறது என்று சோதிக்கும். கம்பைல் ஆனால் ‘உண்டு’, ஆகாவிட்டால் ‘இல்லை’. இரண்டு ஜிபிக்கு மேல் எழுதும் பெரிய ஃபைல் வசதி உள்ள புது மெஷினைப் பார்த்து ‘இல்லை’ என்றிருக்கிறது! அந்தச் சோதனையை எழுதியவன் ஆனந்தன்.

12.8
“என் டெஸ்ட்டு கரீட்டாத்தான் கீது மேடம். போன மாசம் இதே மெஷின்ல ‘உண்டு’ன்னுச்சி. நடுவுல இன்னாவோ மாறிக்கீது” என்கிறான் ஆனந்தன். என்ன திமிர்! மேலே பேச விடவில்லை. ‘அஜாக்கிரதை’ என்று ரிப்போர்ட் எழுதி மேனேஜர் நரசிம்மனிடம் கொடுத்தேன்.

14.8
ஆனந்தனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நல்லது.

19.8
அவன் சோதனையைத் திருத்த உட்கார்ந்து, சோதனையின்போது நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலை இன்றுதான் திறந்தேன். குட்டி புரோகிராமில் பயன்படாத மாறி (வேரியபிள்) ஒன்று இருக்கிறதாம். கம்பைலர் தரும் வெறும் எச்சரிக்கை, அவ்வளவுதான். ஆனால் எச்சரிக்கை வந்தாலும் பிழையாகவே கொள் என்று போன மாதக் கடைசியில் பில்டில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அதனால் கம்பைல் ஆகவில்லை. ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்று எழுதிவிட்டது.

அந்த வரியைச் சேர்த்தது நான். சுத்தமான கோட் வேணுமாம் எனக்கு!

அவன் சொன்னானே, சொன்னானே — பாவி நான், லாக்கைத் திறக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

20.8
“க்ளையன்ட்டுக்கு ரிப்போர்ட் போயாச்சு மீரா. இனிமே கிளறாதே. உனக்குத்தான் அசிங்கம்” என்றார் நரசிம்மன். ஒருத்தன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு எனக்கு கௌரவம் ஒரு கேடா? நடந்ததை என் பெயரிலேயே க்ளையன்ட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

24.8
ஆனந்தன் வீட்டுக்குப் போனேன். முழுக்கச் சொன்னேன்.

“லாக்க பாருங்கன்னு சொல்லத்தான் அன்னிக்கி வாயத் தொறந்தேன் மேடம். நீங்க கையக் காட்டி வெளிய போன்னுட்டீங்க.”



5.9
க்ளையன்ட் கேட்ட கேள்வியில் நரசிம்மனே ஆனந்தனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். எனக்கு மெமோ. சரிதான்.

என் வரி, சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகே சேரும்படி ஆனந்தன் மாற்றினான். நான்கு மெஷினிலும் விடை சரியாக வந்தது. காபி சாப்பிடப் போகலாமா என்று அவனைக் கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீங்க போங்க மேடம்” என்றான்.