படகுக்கு ஒரு மோனை

ரொம்சோஸ், ஒஸ்லோ
ஜனவரி 18, ஞாயிறு

அன்பு மகன் கிறிஸ்ரியனுக்கு,

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். என் இடுப்பையும் அம்மாவின் முழங்காலையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நாங்கள் சுகம், நீயும் அந்தப் பேர்த் வெயிலில் தொப்பி போட்டுத்தான் திரிகிறாய் என்று நம்புகிறோம். போனிலேயே கதைக்கலாமே, இந்த மனிசன் ஏன் கடதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் கொம்மா பறித்துவிடுவா, நீ என்ன சாப்பிட்டாய் என்பதிலேயே அரை மணித்தியாலம் போய்விடும், பிறகு உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். நான் சொல்ல வந்தது கொஞ்சம் நீளம், அதில் பாதி என் மடத்தனம், அதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லவும் வராது.

என்ரை படகைப் பார்ப்பது கரைச்சல் என்றால் வித்துப்போடுங்கோ அப்பா என்று நத்தாருக்கு எழுதியிருந்தாய். லில்லெஸ்ட்ரோம் பாலேந்திரனும் அதை எப்படியோ மோப்பம் பிடித்து இரண்டு தரம் விலை கேட்டுவிட்டான். நான் விற்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நவம்பரில் அந்தப் படகை நானே கொல்லப் பார்த்தேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஒக்ரோபரில் படகைக் கரையில் ஏற்றியதும் படங்கு போட்டு மூடினேன். இங்கே தமிழ்ப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்குக் கொட்டகை கட்டுவது இத்தனை வருடமும் நான்தான், என் கயிறு ஒருநாளும் இளகினதில்லை, உனக்குத் தெரியும். அதே கைப்பழக்கத்தில் நாலு பக்கமும் இழுத்து, மேலே ஒரு சுருக்கம் இல்லாமல் மேளம் மாதிரிக் கட்டினேன். விளையாட்டுப் போட்டி யூனில் நடக்கிறது, படகு பனிகாலம் முழுக்கக் கிடக்கப்போகிறது என்று இந்த மண்டைக்கு ஓடவில்லை. முதல் மழைக்கே படகின் முன்கண்ணாடிக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் படங்கு தொய்ந்து ஒரு குளம். வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு இன்னும் இறுக்கினேன், அடுத்த மழைக்கு இன்னும் பெரிய குளம். நான் இறுக்க அது தொய்ய, அது தொய்ய நான் இறுக்க, ஒரு மாதம் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. நவம்பர் கடைசியில் குளம் உறைந்து, அதற்கு மேல் பனியும் கொட்டிவிட்டது. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால் கண்ணாடிச் சட்டத்தின் ஒரு மூலை வளைந்து, படங்கு கிழிகிற பதத்தில் நிற்கிறது. எல்லாம் நான் இறுக்கின இறுக்கு மோனை.

பக்கத்துப் படகுக்காரர் ஒட்வார் என்று ஒரு வயதான நொர்வேஜியர், அதுவரை எங்களுக்குள் தலையாட்டலோடு சரி. அவர் வந்து பார்த்தார், உச்சுக்கொட்டினார், டூ மங்லர் மோனே என்றார். மங்லர் என்றால் உன்னிடம் ஒன்று குறைகிறது என்று எனக்கு நித்திரையிலும் தெரியும், ஹோட்டல் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் துவாய் மங்லர், தலையணையுறை மங்லர் என்று கேட்டுக் கிழடானவன். மோனையும் தெரியும், மகன் என்பதற்கு எங்கடை சொல், உன்னை வேறெப்படிக் கூப்பிட்டோம்! இந்த மனிசன் ரொம்மன் பக்கம் எந்தத் தமிழ் வீட்டிலோ பழகி எங்கடை சொல்லைப் பிடித்துவிட்டார், உனக்குப் பிள்ளை பக்கத்தில் இல்லை, அதுதான் குறை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓம், அவுஸ்திரேலியாவில், யூலையில் வரும் என்று நானாகவே ஒரு மாதத்தையும் சேர்த்து நொர்ஸ்க் மொழியில் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்து, அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் எடுப்பிக்கிறாய், இங்கே மரக்கடையிலேயே கிடைக்குமே என்றார்!

பிறகு பனியில் விரலால் ஒரு வீடு கீறி, அதன் உச்சியைத் தொட்டுக் காட்டினார். முகடு! கூரையின் முகட்டுக்குத்தான் இவர்கள் மோனே என்கிறார்கள். மொட்டைக்கூரை மாடிக்கட்டடத்தில் காலம் தள்ளினவனுக்கு அந்தச் சொல் எங்கே தெரியப்போகிறது. நான் என் மோனையை விளங்கப்படுத்த அவர் பனிக்குள்ளேயே குந்தியிருந்து சிரித்தார். அடுத்த சனி இரண்டு பேருமாக வளைந்த சட்டத்தை நிமிர்த்தி, முன்னணியத்தில் இருந்து பின்பக்கம் வரை நீட்டுக்கு ஒரு முகட்டுமரம் உயர்த்திக் கட்டி, இரண்டு பக்கமும் நல்ல சரிவாகக் கைமரம் இறக்கினோம். படங்கு கிழியாமல் மர நுனிகளுக்குப் பழைய டென்னிஸ் பந்து குத்தினோம். ஓரத்துக்குப் பாரமாக அம்மாவின் எண்ணெய்க் கலன்களில் பாதிக்குத் தண்ணீர் விட்டுத் தொங்கவிட்டோம். கயிற்றைப் படகைத் தாங்கி நிற்கிற முட்டுகளில் கட்டிவிடாதே, காற்று இழுத்தால் முட்டும் சேர்ந்து வந்துவிடும் என்றார் ஒட்வார், அதை நீயும் நினைவில் வை. போன செவ்வாய் பனி கொட்டித் தள்ளியது. புதன் விடிய ஓடிப்போய்ப் பார்த்தேன், பனி முழுக்க இரண்டு பக்கமும் வழுகி நிலத்தில் கிடக்கிறது, படங்கு துடைத்துவிட்டது மாதிரி நிற்கிறது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாக இருந்தது.

குடுத்துத் துலையுங்கோ உந்தப் படகை என்று மாரி தொடங்கினதில் இருந்து நச்சரித்த கொம்மா, மோனைக் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. சிரிப்பு முடிந்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. விக்காதேங்கோ, பிள்ளை வந்து கேக்கும் என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. மகன், உண்மையைச் சொன்னால் எனக்குப் படகில் ஏறவே பயம், நீ அதை ஓட்டின அந்த ஒரு கோடையில் இருக்கைக் கம்பியை விட்டு நான் கையை எடுக்கவில்லை. படகையும் விற்றுவிட்டால் நீ திரும்பி வர இங்கே என்ன கிடக்கிறது என்ற பயம் அதைவிடப் பெரிது. எங்களுக்காக வா என்று கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் உன் படகுக்குக் காவல் இருக்கிறேன். இப்போது கேட்டுவிட்டேன். கோபிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே: ஒவ்வொரு சனியும் ஒட்வார் படங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, உன்ரை மோனை எப்ப வருது என்று கேட்கிறார். ஒரு திகதி எழுதி அனுப்பு, அந்த மனிசனுக்கு நான் மறுமொழி சொல்ல வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா சூசைரட்ணம்