பெட்டிக்குள் அடங்காத மிஷின்

அன்புள்ள சாருக்கு,

காலையில் பட்டறையில் ஈயம் உருகிக் குங்கிலிய வாடை கிளம்பியதும் உங்கள் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகம் மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உங்கள் மாணவி பாத்திமா. உங்கள் பள்ளியிலேயே இப்போது டீச்சர்.

ஊரில் பாதி ஆண்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போயிருந்த காலம். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் என் பட்டறைக்கு ஐந்து பிள்ளைகளோடு வந்து, "ரோபோ டீம் ஆரம்பிக்கிறோம்ணே, ஒரு மூலை குடுங்க" என்றீர்கள். பழைய பஸ்ஸின் வைப்பர் மோட்டார் இரண்டு. பாத்திமாவின் அத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த பொம்மைக் காரின் ரிமோட். இரண்டே மாதத்தில் அந்த மிஷின் ஒரு மரக்கால் நெல்லைச் சுமந்துகொண்டு சேற்றில் ஓடியது.

அப்புறம்தான் போட்டி தேடினீர்கள். தாளாளர் அறையில் இரண்டு காகிதங்கள். தஞ்சாவூர்க் கல்லூரியில் மணல் தரையில் சுமை தூக்கும் போட்டி, நம் மிஷினுக்கென்றே வைத்தது போல. மற்றது சென்னையில், ஓட்டலில், கம்பளத்தின் மேல்.

"தஞ்சாவூருக்குப் போனா எவன்யா போட்டோ போடுவான்?" என்றார் தாளாளர். ஓட்டல் என்றதும் அவர் முகத்தில் கல்யாணக் களை.

சென்னை விதிகளை நீங்கள் ஒருமுறை வாசித்தீர்கள். எனக்கு ஒருமுறை போதும். "நாலாவது விதியில ஒரு அடிப் பெட்டிக்குள்ள அடங்கணும்னு இருக்கே. நம்மளது ரெண்டு அடி" என்றேன்.

"யோவ் மெக்கானிக், கையெழுத்தே போடத் தெரியாது, ரூல் பேச வந்துட்டியா? அடங்கலைன்னா ரெடியா விக்கிறதை வாங்கிக்கலாம்" என்றார் தாளாளர்.

நீங்கள் என்ன செய்தீர்கள் சார்? தலைக்கு மேல் சுற்றிய மின்சாரக் காற்றாடியைப் பார்த்தீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது? எனக்குத்தான் படிக்கத் தெரியாது, நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

சென்னைக்கு மூட்டை தூக்க நானும் வந்தேன். வாங்கிய மிஷின் வழுக்கிக்கொண்டு அழகாக ஓடியது. நடுவர் பாத்திமாவிடம் கேட்டார்: "இதை நீங்களே செஞ்சீங்களாம்மா?"

"இல்ல சார். நாங்க செஞ்சது ஊர்ல கெடக்கு."

போட்டியிலிருந்து நம் பேரை அடித்துவிட்டார்கள். ஆனாலும் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த கோப்பை நமக்கும் வந்தது. தாளாளர் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தார். "வாயை மூடிட்டு இருக்கத் தெரியாதா?" என்று அவளைத் திட்டிக்கொண்டும் வந்தார். அப்போதும் உங்களுக்கு ஜன்னல் இருந்தது, பார்க்க. நீடாமங்கலத்தில் இறங்கிய பிறகுதான், அவர் போன பிறகுதான், "தப்புப் பண்ணிட்டேன்ணே" என்றீர்கள். என்னிடம் சொன்னீர்கள். அவளிடம் சொல்லவில்லை.

இந்த வரியில் பாத்திமா பேனாவை நிறுத்துகிறாள். "எழுதும்மா" என்கிறேன்.

நேற்று அவள் மூன்று போட்டிக் காகிதங்களோடு வந்தாள். இரண்டு ஓட்டலில்; அவற்றில் மிஷினையும் அவர்களே கொடுத்து, கோப்பையையும் அவர்களே கொடுக்கிறார்கள். பிள்ளைகள் எதற்கு என்றுதான் புரியவில்லை. மூன்றாவது தஞ்சாவூரில், மணலில். "பெட்டி அளவு என்ன?" என்றேன். "அளவே இல்லைங்க மாமா" என்றாள். பரணிலிருந்து நம் பழைய மிஷினை இறக்கினோம். புதுப் பிள்ளைகள் பிரித்துப் பார்த்து, தாங்களே ஒன்று செய்யட்டும். காலையில் உருகிய ஈயம் அதற்குத்தான்.

திங்கட்கிழமை மீட்டிங். தாளாளர் நாற்காலியில் இப்போது அவர் மகன். அவருக்கும் ஓட்டல்தான் பிடிக்குமாம். பாத்திமா என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். அந்த அறையில் அதே காற்றாடிதான் சுற்றுகிறது. நான் போகிறது அதைப் பார்க்க இல்லை சார்.