எங்கள் தெருவின் மின்தடை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்ரீமதிக்கு,

அந்த ஊர்க் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் என் முட்டிவலியும் நலம். நீ அனுப்பிய இன்வெர்ட்டர் வந்து சேர்ந்தது, மாட்ட வந்தவரைத்தான் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபப்படாதே கண்ணு, போனில் சொன்னால் சண்டைக்கு வருவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் ஆராய்ச்சியைப் பற்றித் தமிழில் எழுதி அனுப்பினாயே, மின்தடையே இல்லாத நிலை என்று, அதைப் படித்துவிட்டு என் மகள் கரண்ட் கட்டை ஒழிக்கப் போகிறாள் என்று மீன் விற்கும் கொளஞ்சி வரைக்கும் சொல்லிவிட்டேன். அவளும், அப்ப இனிமே ஐஸு கரையாதுன்னு சொல்லுக்கா என்றாள். இதைப் போனில் சொன்னதும் நீதான் விழுந்து விழுந்து சிரித்து, அது தெருவில் கரண்ட் போகிற மின்தடை இல்லம்மா, கம்பிக்குள்ள கரண்டை ஓட விடாம இழுத்துப் பிடிக்குதே, அந்த மின்தடை என்றாய். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தால் எப்படி.

எதிர்வீட்டு பிரிசில்லாவை உனக்குத் தெரியும், ரிட்டயர்டு நர்ஸ், அவளும் தனிக்கட்டை. வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை, நானும் அப்படித்தான். அவள் வீட்டில் ஒரு டிவி, என் வீட்டில் ஒரு டிவி, இரண்டு கதவும் சாத்தியே கிடக்கும். சில நாள் பால்காரரிடம் பேசியதோடு சரி, பிறகு வாயைத் திறக்க வேலையே இருக்காது. மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துகிறார்களே, அன்றைக்குத்தான் புழுக்கம் தாங்காமல் இருவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பூவரச மரத்தடிக்கு வருவோம். என்னாங்க, ஒங்க வூட்லயும் இல்லியா என்பாள், தெருவுக்கே இல்லை என்று தெரிந்தும் கேட்பாள். அப்புறம் ஓயாத பேச்சுதான். கரண்ட் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுவோம். தனித்தனியே கரண்டைக் கடத்தாத இரண்டு பொருளை ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தால் ஒட்டுகிற இடத்தில் கரண்ட் ஓடும், கடுங்குளிரில் தடையே இல்லாமல் ஓடும் என்று எழுதியிருந்தாய். எங்களுக்குக் குளிர் வேண்டாம், வேர்த்துக் கொட்டினால் போதும். வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினால் நான் என்ன சாக்குச் சொல்லி வெளியே போய் உட்காருவேன், நீயே சொல்.

நீ சிதம்பரத்தில் படித்தபோது சனிக்கிழமையானால் பஸ் ஏறி வந்துவிடுவாய், வீடே இரண்டுபடும். இப்போது ரொம்பத் தனியாக இருக்கிறது கண்ணு. உன்னை வரச் சொல்லவில்லை, உன் வேலை பெரிய வேலை. இன்வெர்ட்டர் பெட்டியைப் பிரிக்காமல் உன் அறையில் வைத்திருக்கிறேன். நீ வந்து தங்குகிறபோது மாட்டிக்கொள்ளலாம், அப்போது எனக்குக் கரண்ட் போக வேண்டிய அவசியம் இருக்காது.

நீ நன்றாக இரு, தொட்டது துலங்கட்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. வருகிற வியாழக்கிழமை இங்கே கரண்ட் இருக்காது. நீ கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் பயந்துவிடாதே, பேசிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சௌந்தரம்