தனியா போயிடுவீங்கல்ல?

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். எப்போதும் எழுதித் தரும் பக்கத்து வீட்டுக்காரர் இந்த முறை பேனா மட்டும்தான் கொடுத்தார்.

குட்டியை இந்த வருடமே பாலர் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். என் சட்டை நுனியை விடாத பிள்ளை அங்கே எப்படி இருப்பாள்?

நேற்று பழக்கிப் பார்க்கக் கூட்டிப் போனேன். டீச்சர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் கம்பிக் கதவுக்கு வெளியே ஒளிந்து நின்றேன். குட்டி கண்டுபிடித்து ஓடி வந்தாள். அழப் போகிறாள் என்று கையை உள்ளே நீட்டினேன்.

"தாத்தா, இங்க நின்னா டீச்சர் திட்டுவாங்க. வீட்டுக்குத் தனியா போயிடுவீங்கல்ல? அழக் கூடாது, சரியா?"

என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஓடிப் போனாள்.

சேர்த்துவிடலாம், மகளே. நானும் அழவில்லை, தெருமுனை வரைக்கும்.

உன் அப்பா
(கையெழுத்தும் என்னுடையதுதான்)